அளவுக்கு நின்றவர்

முதலில் ஆள், அதன் பிறகுதான் மிருகம். பேர்னாட் எந்தப் பெரிய படத்தைத் தொடங்கினாலும், படம் வரையும் சீலையின் அடியில் இடப்பக்கமாக ஒரு மனிதனைக் கரிக்கட்டியால் நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார். யானை வரட்டும், கப்பல் வரட்டும், கடைக்காரர் கேட்ட சோடாப் போத்தலே வரட்டும். அதன் பக்கத்தில் ஒருவன் நின்றாக வேண்டும். "ஆள் நிக்காட்டி அதின்ட பெரிசு எப்பிடித் தெரியும்? மலையக் கீறினாலும் பக்கத்தில ஆளில்லாட்டி அது புத்துத்தான்" என்பார். சொல்லிவிட்டு இடக்கண்ணை மூடி, பின்னால் நகர்ந்து, தகரச் சுவரில் முதுகு முட்டும்வரை போவார்.

மட்டக்களப்பில் கோட்டைமுனைப் பக்கம், வாவிக்கு இறங்கும் ஒழுங்கையில் அவருடைய கொட்டில் இருக்கிறது. கடைப் பெயர்ப்பலகை, லொறியின் பின்பலகை, தோணிகளின் இலக்கம், திருவிழா வந்தால் கோவில் சுரூபங்கள் ஆகியவையே அன்றாடப் பிழைப்பு. எழுத்து எழுதும்போது வாய் திறக்க மாட்டார். மிருகத்தைக் கீறும்போது அதனுடன் சண்டை பிடிப்பார். "நில்லு, ஆட்டாத வால" என்று சீலையைப் பார்த்து அதட்டுவது ஒழுங்கைவரை கேட்கும். வர்ணம் காய்ந்ததா என்பதைச் சுண்டுவிரலின் பின்புறத்தால் தொட்டறிவார். நகங்களுக்குள் எந்நாளும் ஏதாவதொரு நிறம் இருப்பதால் சோற்றையும் கரண்டியாலேயே உண்பார். அதனால் மைத்துனர் அவருக்கு வைத்த பெயர் 'துரை'.

அந்த மைத்துனர்தான் சவிரியான். பேர்னாட்டின் தங்கை பீற்றிஸின் கணவர். பாலமீன்மடுவில் தோணி வைத்திருந்தவர். விடியற்காலையில் பிடித்ததை விற்றுவிட்டு நேரே கொட்டிலுக்கு வந்து, பாதி எழுதிய பலகைகளுக்கிடையே சாய்ந்து, சுருட்டைப் பற்றவைப்பார். சும்மா நிற்கும் ஒருவரைப் பார்த்துக் கீறுவது பேர்னாட்டுக்கு வசதி. சும்மா நிற்பது சவிரியானுக்கு வசதி. "துரை, இண்டைக்கு நிக்கட்டா, குந்தட்டா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். பட்டணத்தில் தொங்கிய பல பலகைகளில் யானைக்கும் போத்தலுக்கும் பக்கத்தில் எறும்பளவில் நின்றவர் அவரே. அந்த அளவில் முகம் தேவைப்படவில்லை. ஒரு புள்ளி போதும்.

அறுபத்தாறாம் ஆண்டில் பட்டணத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானக் கண்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. விஞ்ஞான ஆசிரியர் நல்லரத்தினம் கொட்டிலுக்கு வந்து, சுவரளவுப் படங்கள் இரண்டு கேட்டார். ஒன்றில் டைனோசர், மற்றதில் சுறா. "ரெண்டும் அதுகள் வாழுற இடத்தில நிக்கவேணும் பேர்னாட். வெறும் வெள்ளையில தொங்கப்படாது. பிள்ளைகள் பார்த்தா அந்தத் தண்ணி நனைக்கவேணும்" என்றார். பேர்னாட் அதுவரை பெற்ற வேலைகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போய், முனாப்பின் கடையில் பாய்ச்சீலை கேட்டார்.

முனாப் பழைய சிநேகிதர். சீலையை முழம்போட்டுக்கொண்டே, "இதில ரெண்டு தோணிக்குப் பாய் எடுக்கலாம். நீ பல்லி கீறப்போறாய்! அதுவும் மௌத்தாப்போன பல்லி!" என்றார்.

"மௌத்தானதாலதான் இவ்வளவு சீலையோட முடியிது. உசிரோட இருந்தா உன்ர கடையே காணாது" என்றார் பேர்னாட்.

டைனோசரைக் காட்டுவதற்கு ஆசிரியரிடம் இருந்தது உள்ளங்கையளவான ஓர் அச்சுப்படம் மாத்திரமே. அதுவும் கறுப்பு வெள்ளை. பேர்னாட் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதின்ட நிறம் என்ன சேர்?" என்று கேட்டார்.

"அது ஒருத்தருக்கும் தெரியாது. எலும்புதான் கிடைச்சிருக்கு."

பேர்னாட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பிழை சொல்ல ஆளில்ல!"

வாவிக்கரையில் வெயில் காயும் முதலைகளிடமிருந்து தோலை எடுத்தார். காலை யானையிடமிருந்தும் கண்ணை எருமையிடமிருந்தும் எடுத்தார். நீண்ட கழுத்தை வளைத்து இலை தின்ன விட்டார். மிருகம் நின்ற தண்ணீர், விடியும் நேரத்து மட்டக்களப்பு வாவியின் தண்ணீர். சாம்பலும் பச்சையுமாக, அசைவதுபோலவும் அசையாததுபோலவும் கிடந்தது. கரையில் கண்டல் மரங்களை நிறுத்தி, வேர்களைச் சேற்றில் இறக்கியிருந்தார். ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் கண்டல் இருந்திருக்காது, பன்னம்தான் மரமாக வளர்ந்திருக்கும் என்றார். பன்னம் என்பது கிணற்றின் ஈரச் சுவரில் சிறகுபோல் இலை விரித்து முளைக்கும் சிறுசெடி. பேர்னாட் அதிலொன்றைப் பிடுங்கி வந்து மேசையில் வைத்து, தென்னையளவுக்குப் பெருக்கிக் கீறினார். தண்ணீரை மாத்திரம் மாற்ற மறுத்துவிட்டார். "இந்தளவு பெரிய சீவன் தண்ணியில இறங்காம நிக்காது சேர். எருமையப் பாருங்க."

சுறாப் படத்துக்கு ஆலோசனை சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தார். முகத்துவாரத்துக்கு வெளியே, பாறைகளுக்கிடையில், மேலிருந்து வெளிச்சம் தூண்தூணாக இறங்கும் நீலத்தில் மூன்று சுறாக்கள் திரிந்தன. முதலாவதன் வாயைப் பேர்னாட் அகலத் திறந்து பல் வரிசை வைத்திருந்தார்.

"என்ன மச்சான் இது? வாயத் திறந்துகொண்டு திரியிறதுக்கு அது என்ன தபால்பெட்டியா?" என்றார் சவிரியான்.

"வாய் மூடியிருந்தா சனம் பயப்பிடாதுடா."

"சனத்தப் பயப்பிடுத்திற வேலையா எடுத்தாய்? சுறாவக் கீறத்தானே சொன்னாங்க. மூடு வாய, அதின்டயும் உன்ரயும்."

வாய் மூடப்பட்டது. மூடிய பிறகு அந்தச் சுறா முன்னிலும் பயங்கரமாக இருந்ததைப் பேர்னாட் ஒப்புக்கொண்டார்.

இரண்டு சீலைகளிலும் அளவுக்கு ஓர் ஆள் நின்றார். காட்டில், டைனோசரின் முன்னங்காலுக்கருகே, தோளில் வீச்சுவலையுடன் நின்றார். கடலில், சுறாக்களுக்கு மேலே, தோணியில் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீலை சுவரளவானதால் ஆளும் முழங்கையளவுக்கு வளர்ந்துவிட்டார். இப்போது முகம் வேண்டும். பேர்னாட்டோ, முகத்தை எல்லாவற்றுக்கும் பின்னரே வைப்பவர். மற்றதெல்லாம் முடிந்தால்தான் வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று முகத்துக்குத் தெரியும் என்பது அவர் கொள்கை. கால், சாரம், வலை எல்லாம் காய்ந்து இறுகிவிட்டன. கழுத்துக்கு மேலே வெறும் சீலை தெரிந்தது. "இத்தின நாளா முகமில்லாம நிக்கிறன் துரை. பார்த்துக்கொண்டு நிக்க எனக்கே பயமாக் கிடக்கு" என்று சவிரியான் முறையிட்டார்.

கடைசியில் ஒருநாள் பேர்னாட் அவரை வாசலடியில் நிறுத்தி, காலையில் தொடங்கி இரண்டு முகங்களையும் வைத்தார். தூண்டில் கிழித்த வடு உள்ள இடப்புருவம். வெயிலுக்குச் சுருங்கிய கண். பகிடி ஒன்றைச் சொல்வதற்குச் சற்று முன்னர் ஒரு பக்கமாக ஏறும் உதடு. பகலுணவு கொண்டுவந்த பீற்றிஸ் டைனோசர்ப் படத்தைப் பார்த்து, கையிலிருந்த சட்டியை இறக்காமலே சிரித்தாள். "கடவுளே, அவரேதான்! இப்பிடித்தான் பொய் சொல்ல முந்தி நிப்பார்" என்றாள்.

பிறகு மற்றச் சீலையைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"அழிங்க அத."

"ஏன்கா?"

"என்ர மனுசன் கடலுக்குப் போற ஆள் அண்ணன். அவருக்குக் கீழ அதுகள விட்டுக் கீறி வச்சிருக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சில ஈரமிருக்கா? அழிங்க."

"சுறாவ நாமதான் தின்னுறம் பீற்றிஸ். அது நம்மளத் தின்னுறதில்ல" என்றார் சவிரியான். அவள் கேட்கவில்லை, கண் கலங்கிவிட்டாள். பேர்னாட் பட்டி பூசும் தகட்டை எடுத்து, ஈரம் காயாத முகத்தைச் சீலைவரை சுரண்டி எடுத்து, தகட்டைத் தகரப் பேணியில் தட்டினார். தோணியில் இருந்தவருக்கு ஒரு தொப்பியைப் போட்டு, முகமற்ற ஒருவனாக்கிவிட்டார்.

மறுநாள் நல்லரத்தினம் வண்டியுடன் வந்தார். கண்காட்சி அடுத்த நாள் தொடங்க இருந்தது. டைனோசரைப் பார்த்து மகிழ்ந்தவர், காலடியில் நின்றவரைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அளவுக்கு ஆள் வைப்பதாகப் பேர்னாட் சொன்னபோது, அவர் நினைத்தது ஒரு கோட்டுருவத்தை. இங்கே வலையும் சுருட்டுமாக ஒருவர் உயிரோடு நின்றார்.

"பேர்னாட், இந்த மிருகமெல்லாம் அழிஞ்சு எத்தினையோ கோடி வருசத்துக்குப் பிறகுதான் மனுசன் வந்தவன். ரெண்டும் ஒண்டா இருந்ததெண்டு பிள்ளைகள் படிச்சுப்போடுவாங்கள். பக்கத்தில அடிக்கணக்கு எழுதிவிடுவம்."

"அடி ஆருக்குச் சேர் விளங்கும்? ஆள்தான் விளங்கும்."

ஆசிரியர் சொன்னது சரி. அது பேர்னாட்டுக்கும் தெரிந்தது. சுண்டுவிரலின் பின்புறத்தை அந்த முகத்தில் வைத்துப் பார்த்தார், இன்னும் ஒட்டியது. காயும்வரை பொறுத்திருந்தால் மேலே பூசுவது வேறொரு படையாக நிற்கும். ஆனால் வண்டி வாசலில் நின்றது. கடையில் வாங்கிய பச்சை எனமலைத் திறந்து, அகன்ற பன்ன இலைகள் இரண்டைக் கீழிருந்து மேலாக விரித்தார். சவிரியான் இலைக்குள் மறைந்தார்.

உண்மையான சவிரியான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடலுக்குள்ளயும் இடமில்ல, காட்டுக்குள்ளயும் இடமில்ல. மறுகா நான் எங்க போய் நிக்கிற மச்சான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேர்னாட்டும் சிரித்தார். இன்று அந்தச் சிரிப்பைப்பற்றி யாராவது பேச்செடுத்தால், அவர் எழுந்து போய்த் தூரிகை கழுவத் தொடங்கிவிடுவார்.

அடுத்த ஆண்டு மாரியில், முகத்துவாரத்து அலையில் சவிரியானின் தோணி கவிழ்ந்தது. தோணி கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. சுறாவுக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்பது பாலமீன்மடுவில் எல்லாருக்கும் தெரியும். பீற்றிஸுக்கும் தெரியும். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து செய்த வேலை அது.

உடலில்லாமல் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அத்தகைய பூசைக்குப் பிறகு வீட்டில் ஒரு படத்தை வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை சொல்வது வழக்கம். பீற்றிஸிடம் இருந்தது கலியாணப் படம் ஒன்றே. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அது பெட்டியோடு ஊறியது. மணமகளின் முகம் தப்பிவிட்டது. மணமகனின் கழுத்துப்பட்டிக்கு மேலே தாள் வெளுத்துக் கிடந்தது. படமெடுக்கும் கடைக்குப் போய் உட்காரும் பழக்கம் சவிரியானுக்கு இருந்ததில்லை. "என்னப் பார்க்கிறதெண்டா நேரில வந்து பாருங்க" என்று சொல்லித் தட்டிக்கழித்து வந்தவர் அவர்.

பீற்றிஸ் கொட்டிலுக்கு வந்தாள். "ஒரு முகம் கீறித் தாங்க அண்ணன்" என்றாள்.

பேர்னாட் அன்றே தொடங்கினார். வடு எந்தப் புருவத்திலிருந்தது, காது எவ்வளவு விலகி நின்றது, உதடு எந்தப் பக்கம் ஏறியது என்பவற்றையெல்லாம் அவரால் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் உரிய இடத்தில் வைத்தார். வைத்து முடிந்ததும் படத்திலிருந்து யாரோ ஒருவர் அவரைப் பார்த்தார். அதைக் கழுவிவிட்டு மறுபடி கீறினார். இம்முறை சவிரியானின் தம்பி என்று சொல்லத்தக்க ஒருவர் வந்தார். பீற்றிஸ் ஒவ்வொரு முறையும் வந்து பார்த்து, தலையை அசைத்துவிட்டுப் போனாள். அந்த மனிதர் வாசலில் சாய்ந்து நின்ற காலமெல்லாம் பேர்னாட் அவரைப் பார்த்துக் கீறினாரேயன்றி, பாராமல் கீறியது ஒருநாளும் இல்லை. அது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கடைசியாக வந்த அன்று பீற்றிஸ் பொறுமை இழந்தாள். "ஒருத்தரும் காணாத மிருகத்தக் கீறினீங்க. எந்நாளும் கண்ட மனுசனக் கீற ஒண்ணாதா?"

"அந்த மிருகம் இப்பிடியில்ல எண்டு சொல்ல ஆளில்ல பிள்ள. இவருக்கு நீ இருக்கிறாய்" என்றார் பேர்னாட்.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நினைவு வந்திருக்க வேண்டும். பாடசாலையில் அந்தப் பன்ன இலைக்குப் பின்னால் அவர் நிற்கிறார்.

செய்தியைக் கேட்ட நல்லரத்தினம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அழிக்கச் சொன்னது நான்தானே" என்றார். அதிபரிடம் பேசிச் சீலையைச் சுருட்டிக் கொடுத்தார். முனாப் தம் கடை லொறியில் அதைப் பாலமீன்மடுவுக்கு ஏற்றிச்சென்றார். வழி முழுவதும் அவர் ஒரு பகிடிகூடச் சொல்லவில்லை.

பீற்றிஸின் வீட்டில் அந்தச் சீலைக்குப் போதிய சுவர் இல்லை. மிருகத்தின் தலை வாசல்நிலைக்கு மேலே வளைந்தது. உடல் உட்சுவர் முழுவதையும் பிடித்தது. வால் மூலையில் திரும்பி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் முடிந்தது. காலடியில், பன்ன இலைக்கு முன்னால், பீற்றிஸ் ஒரு முக்காலியை வைத்து மாலைதோறும் மெழுகுதிரி கொளுத்தினாள். ஊரில் பேச்சு எழாமலிருக்குமா? மீன் வாடியடியில் ஒருத்தி, "பூதப்பல்லிக்கு இண்டைக்கும் செபமாலையா பீற்றிஸ்?" என்று கேட்டாள்.

"பல்லிக்கில்லகா. பல்லிக்குப் பக்கத்தில நிக்கிறவருக்கு" என்றாள் பீற்றிஸ்.

ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் பேர்னாட் சைக்கிளில் வந்தார். தின்னரும் டர்பன்டைனும் கலந்த போத்தல், பழைய வேட்டியில் கிழித்த துணிகள், கண்ணுக்கு மை தீட்டுமளவு மெல்லிய தூரிகை ஆகியவை அவரிடமிருந்தன. காலிலிருந்து தொடங்கினார். கீழ்ப்பகுதி முன்பே நன்றாகக் காய்ந்திருந்ததால் பச்சை மாத்திரம் துணியில் வந்தது. முதலில் வளைந்த பெருவிரல் தெரிந்தது. பீற்றிஸ் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய், வெகுநேரம் கழித்தே வெளியே வந்தாள். பிறகு சாரத்தின் கட்டங்கள் வந்தன, வலையின் ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, தோள் வந்தது. ஊரார் கேலியை விட்டுவிட்டு, "எதுவரைக்கும் வந்திருக்கிறார்?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

கழுத்தடியில் பேர்னாட் நின்றுவிட்டார். ஒரு ஞாயிறு காற்றில் ஈரம் அதிகம் என்றார். ஒரு ஞாயிறு துணி சரியில்லை என்றார். ஒரு ஞாயிறு வரவேயில்லை. ஆண்டுப் பூசை நெருங்கியது.

"என்னத்துக்குப் பயப்பிடுறீங்க அண்ணன்?" என்று பீற்றிஸ் நேராகவே கேட்டாள்.

பேர்னாட் அதை அப்போதுதான் சொன்னார். "முகம் காய முந்தி மூடிப்போட்டன் பிள்ள. பச்சையும் அவரும் ஒண்டாக் காஞ்சிருக்கு. பச்சைய எடுத்தா, அதோட அவரும் வந்திடுவார்."

பீற்றிஸ் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எடுக்காட்டி?"

"எடுக்காட்டி உள்ள இருப்பார்."

"இத்தின மாசமா இலையத்தான் கும்பிடுறன். எனக்கு அவரப் பார்க்கவேணும். பாதி வந்தாலும் காணும், எடுங்க."

ஆண்டுப் பூசை முடிந்து திரும்பிய முற்பகலில் வீட்டில் இருவரே இருந்தார்கள். பேர்னாட் கதவை அகலத் திறந்து வெளிச்சத்தை விட்டார். புதுத்துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, தாடை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். தேய்க்கவில்லை, ஒற்றினார். பச்சை நெகிழ்ந்தது. நெகிழ்ந்த பச்சை ஈரத்தில் கண்ணாடிபோல் தெளிந்து, அதனடியில் இடப்புருவத்து வடு தெரிந்தது. சுருங்கிய கண் தெரிந்தது. ஒரு பக்கமாக ஏறிய உதடு தெரிந்தது. பகிடியைச் சொல்லுமுன் நிற்கும் அந்த நிற்பு.

"அவர்தான்!" என்றாள் பீற்றிஸ். "அண்ணன், அவர்தான்!"

பேர்னாட் கையை எடுத்துவிட்டார். ஆனால் ஈரம் தன் வேலையை நிறுத்தவில்லை. புருவம் நெற்றிக்குள் கலைந்தது. உதடு வழிந்து தாடையைத் தாண்டியது. அதை மறிக்க அவர் துணியை ஒற்றியபோது, இலையின் பச்சையும் முகத்தின் கபில நிறமுமாக எல்லாம் சேர்ந்து துணிக்கு வந்துவிட்டது. தோளுக்கு மேலே, வலைக்கும் டைனோசரின் முன்னங்காலுக்கும் இடையில், முனாப் விற்ற பாய்ச்சீலை அதன் சொந்த நிறத்தில் தெரிந்தது.

தின்னர் மணம் வீடெங்கும் நின்றது. பேர்னாட் வெகுநேரம் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, பழக்கத்தினால், துணியை உதறக் கையை உயர்த்தினார்.

"உதறாதீங்க அண்ணன்" என்றாள் பீற்றிஸ்.

அவர் கையை இறக்கினார். நிறம் படிந்த பக்கம் உள்ளே வரும்படி துணியை ஒரு முறை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். பிறகு அதை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தித் தங்கையிடம் நீட்டினார்.